இறுக்கம் பற்றிச் சில குறிப்புகள்

நம் விமர்சனங்களில் அதிகம் புழங்கும் சொற்களில் 'இறுக்கம்' ஒன்று. கவிதை இறுக்கமாக இருக்கிறது என்கிறோம். நாவலின் கட்டமைப்பில் இறுக்கம் போதவில்லை என்கிறோம். 'கூர்மை', 'துளைத்துச் செல்லும் பார்வை' போன்றவையும் இந்த ரகம்தான். எல்லாம் பட்டறைச் சொற்கள். பட்டறையின் வாசனை இவற்றைவிட்டுப் போய் வெகுகாலமாயிற்று. எதை எதோடு இறுக்குவது, எவ்வளவு, எந்த இடத்தில் இறுக்கம் உடைவாக மாறுகிறது என்ற கேள்விகள் ஒரு தச்சனுக்கு ஒரு நாளில் நூறுமுறை எழுகின்றன. விமர்சகனுக்கு அநேகமாக எழுவதே இல்லை. கடந்த ஆறு மாதமாக பேட்டரியில் ஓடும் ஒரு டிரில் மிஷினோடு பழகிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் கிடைத்தவற்றை எழுதிவைக்கத் தோன்றுகிறது.

காரணம் ஸ்தூலமானது. நண்பர் ஒருவர் போன வருஷம் காலமானார். பெயரைச் சொன்னால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சொல்வதை அவர் விரும்பியிருக்க மாட்டார். அவர் விட்டுப்போனவை சுமார் 900 புத்தகங்கள். அவற்றோடு 1959-ல் தொடங்கிய 'எழுத்து', 1970-ல் வந்த 'கசடதபற' என்று சிறுபத்திரிகைகள், தைத்துக் கட்டியவையும் உதிரியுமாக. வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. அவர் மனைவி என்னிடம், "இதையெல்லாம் இனிமே யாரு படிக்கப்போறாங்க, நீங்களே சொல்லுங்க. பழைய பேப்பர்காரர் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போயிட்டார்" என்றார். யார் படிப்பார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வைக்க இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இடம் என்றால் எங்கள் வீட்டு மாடியறையின் இரண்டு வெற்றுச் சுவர்கள்.

புத்தகம் கனமானது. இது இலக்கிய வாக்கியம் அல்ல. வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்ததில் ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகங்கள் சராசரியாக 25 கிலோ வந்தன. நண்பருடையவை 18 மீட்டர். ஆக 450 கிலோ, ஒரு மனிதனின் வாசிப்பு. நான்கு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் ஆறு தட்டுகள், தட்டின் நீளம் 75 செ.மீ. என்று கணக்குப் போட்டேன். நீளத்தைக் கூட்டினால் அலமாரிகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் ஒரே கனத்தில் நிறைத்த தட்டின் நீளம் இரு மடங்கானால் நடுவில் அது தொய்வது 16 மடங்காகிவிடும். 19 மி.மீ. பிளைவுட்டுக்கு 75 செ.மீ. என்பது நிம்மதியான நீளம். மொத்தம் 200-க்குக் கிட்டத்தட்ட ஸ்க்ரூக்கள். சிக்குன்குனியா வந்துபோன பிறகு என் வலது மணிக்கட்டு திருப்புளியைப் பத்துமுறை திருப்பும். பதினோராவது முறை மறுத்துவிடும். இப்படித்தான் மிஷின் வந்தது.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரிக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். கூட இருப்பவன் அவருடைய தங்கை மகன். பலகைகளை அளந்து அறுத்துத் தந்தவர்கள் அவர்கள். திருகுகிற வேலையை நானே செய்கிறேன் என்றபோது பெரியவர் சிரிக்கவில்லை. "செய்யுங்க சார். முதல்ல வேட்டிய மாத்திட்டு வாங்க" என்றார்.

முதல் பாடம் அதுதான். நிமிஷத்துக்கு 1,500 முறை சுற்றுகிற ஒன்றின் அருகே தொங்குவது எதுவும் இருக்கக் கூடாது: வேட்டி முனை, தோளில் துண்டு, புடவைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல், முழுக்கைச் சட்டையின் பொத்தான் போடாத கை. துணிக் கையுறையும் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் சுற்றும் பிட்டில் அதன் ஒரு நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், படிக்கிற கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடியிருப்பது. பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். குறைந்தபட்சம், முன்னும் பின்னுமாகத் திசை மாற்றும் பொத்தானை நடுவில் நிறுத்த வேண்டும். நடுவில் இருந்தால் விசை அழுந்தாது. சுற்றிக்கொண்டிருக்கும்போது திசையை மாற்றக் கூடாது.

இந்த மிஷினின் உருவம் கைத்துப்பாக்கியின் உருவம். அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி, கைப்பிடியும் சுட்டுவிரல் விசையும் கொண்ட மின்சார டிரில்லுக்கு 1917-ல் காப்புரிமை பெற்றது. அதே கம்பெனி 1961-ல் கம்பியில்லாமல் நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடுவதைக் கொண்டுவந்தது. இன்றைக்குக் கையில் கிடைப்பவை லித்தியம் அயனி வகை. 18 வோல்ட் என்பது 3.6 வோல்ட் செல்கள் ஐந்தைத் தொடராகக் கோத்தது. உருவம் துப்பாக்கியாக இருப்பதால் பிடித்தவுடன் எதையோ குறிபார்த்துச் சுடுகிற பாவனை கைக்கு வந்துவிடுகிறது. விசையை முழுக்க அழுத்துகிறோம். உண்மையில் விசை எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவு வேகம். கால்வாசி அழுத்தி மெல்லத் தொடங்குவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலே 1, 2 என்று ஒரு தள்ளுபொத்தான் இருக்கும். 1-ல் வேகம் குறைவு, திருகுவிசை அதிகம்: ஸ்க்ரூவுக்கும் பெரிய துளைக்கும். 2-ல் வேகம் அதிகம்: மரத்தில் சின்னத் துளைக்கு. 18 வோல்ட் மிஷின்களில் 50 நியூட்டன்-மீட்டர் திருகுவிசை சாதாரணம். ஒரு அடி நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 17 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ அவ்வளவு. என் மணிக்கட்டு இதோடு போட்டியிட முடியாது. ஆகவே கட்டுப்படுத்துவது வேறு ஏதாவதாக இருக்க வேண்டும்.

அந்த வேறு ஏதோ, சக்குக்குப் பின்னால் இருக்கும் வளையம். அதில் 1 முதல் இருபதுவரை எண்கள், கடைசியில் பிட் படம் ஒன்று. உள்ளே ஒரு கிளட்ச். எண்ணுக்கேற்ற திருகுவிசையை எட்டியவுடன் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, சக்கு மட்டும் நின்று 'டகடக'வென்று நழுவும். போதும் என்று மிஷினே சொல்வதுபோல. பிட் படத்தில் வைத்தால் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். முழுபலமும் போகும், அது துளையிட மட்டும். ஸ்க்ரூவுக்கு எண் எது என்று எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. அதே மரத்தின் கழிவுத் துண்டில் 4-லோ 5-லோ தொடங்கி, ஸ்க்ரூவின் தலை பலகையின் மட்டத்துக்கு வந்து நிற்கும்வரை ஒவ்வொன்றாக ஏற்றிக் கண்டுபிடிக்க வேண்டும். மரத்துக்கு மரம் எண் மாறும். ஒரே மரத்திலும் முடிச்சுக்கு அருகே மாறும்.

கிளட்ச் இல்லாமல் இறுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பெரியவர் ஒரு துண்டுப் பலகையில் காட்டினார். ஸ்க்ரூ உள்ளே போயிற்று, தலை புதைந்தது, பிறகும் சுற்றிற்று. வெளியே பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. விரலால் அசைத்தபோது கையோடு வந்தது. மரத்துக்குள் புரிகள் வெட்டியிருந்த தடத்தை அதே புரிகள் அரைத்துத் தூளாக்கிவிட்டிருந்தன. அளவுக்கு மேற்பட்ட இறுக்கம் இறுக்கமின்மைதான். நம் கவிதைகளில் கடைசி மூன்று வரிகளை நினைத்துக்கொண்டேன். சொல்லி முடித்ததை இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று திருகி, உள்ளே பிடித்துக்கொண்டிருந்ததைத் தூளாக்கிய கவிதைகள் எத்தனை! பெயர்கள் வேண்டாம், அவரவர்க்குத் தெரியும்.

இறுக்கத்துக்கு முன் துளை. ஸ்க்ரூவை நேராக மரத்தில் ஏற்றினால் அது இடத்தை வெட்டி எடுப்பதில்லை, நார்களை விலக்கித் தள்ளுகிறது. ஓரத்துக்கு அருகில் தள்ள இடமில்லாதபோது மரம் பிளக்கிறது. பிளைவுட்டின் விளிம்பில் ஏற்றினால் அடுக்குகள் வாய்திறக்கின்றன. அதனால் முதலில் ஸ்க்ரூவின் நடுத்தண்டு அளவுக்கு ஒரு துளை போட வேண்டும். புரிகள் மட்டும் மரத்தைக் கடிக்க வேண்டும். நான் பயன்படுத்திய 8 நம்பர், 2 அங்குல ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. பிட். தேக்கு மாதிரி கெட்டி மரமானால் துளை ஒரு இழை பெரிதாகவே இருக்கலாம், ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகோ சோப்போ தடவலாம். இரண்டு பலகைகளைச் சேர்க்கும்போது வெளிப்பலகையின் துளை இன்னும் பெரிதாக, 4.5 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்க்ரூ அதில் தாராளமாக நழுவ வேண்டும். இது ஏன் என்று முதலில் விளங்காது. புரிகள் இரு பலகையையும் ஒரே சமயத்தில் கடித்தால் நடுவே உள்ள இடைவெளியும் அப்படியே பூட்டப்பட்டுவிடும். என்ன திருகினாலும் சேராது. வெளிப்பலகையில் பிடிப்பு இல்லாவிட்டால்தான் ஸ்க்ரூவின் தலை அதை இழுத்து மற்றதோடு அணைக்கும். சேர்ப்பதற்கு ஒன்றில் விட்டுக்கொடுப்பு வேண்டியிருக்கிறது.

எவ்வளவு ஆழம் என்பதற்கு பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளலாம். மறுபக்கம் துளை வெளிவரும் இடத்தில் மரம் பிய்யாமலிருக்க அடியில் கழிவுப் பலகை வைக்கலாம். முக்கியமானது, அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தூளை வெளியேற்றுவது. பிட்டின் உடலில் சுற்றியிருக்கும் பள்ளங்கள் அழகுக்கல்ல, அவை வெட்டிய தூள் ஏறிவரும் வழி. அந்த வழி அடைபட்டால் பிட் சூடேறும், மரம் புகையும், கடைசியில் சிக்கிக்கொள்ளும். இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1971-ல் அப்பல்லோ 15-ல் போன டேவிட் ஸ்காட், நிலவின் உள்வெப்பத்தை அளக்கும் கருவிகளைப் புதைப்பதற்காக பேட்டரி டிரில்லால் துளையிட்டார். ஏறக்குறைய 3 மீட்டர் போக வேண்டிய துளை பாதி ஆழத்துக்குச் சற்று மேல் போய் நின்றுவிட்டது. மோட்டாருக்குப் பலம் போதாமல் அல்ல. துண்டு துண்டாக இணைக்கும் துளைத்தண்டில், இணைப்பு வரும் இடங்களில் பள்ளங்கள் தடைப்பட்டிருந்தன. நிலவின் தூள் மேலேறி வர வழியில்லை. அடுத்த வருஷம் அப்பல்லோ 16-க்கு அந்த இணைப்பை மாற்றி அமைத்தார்கள், துளை முழு ஆழத்துக்குப் போயிற்று. அத்தனை தூரம் போயும் விஷயம் தூள் வெளியேறுவதில் வந்து நின்றது.

ஸ்க்ரூவின் தலையைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டல்குறித் தலைக்கு ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் காப்புரிமை பெற்றார். பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. திருகத் திருக பிட்டை வெளியே தள்ளப் பார்க்கும். தள்ளினால் தலை வழுக்கிப் பள்ளம் வட்டமாகிவிடும். பிறகு அந்த ஸ்க்ரூ உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. இதைத் தடுக்க உடம்பின் பாரம் ஸ்க்ரூவின் நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். கை, மணிக்கட்டு, மிஷின், பிட், ஸ்க்ரூ எல்லாம் ஒரே கோடு. தலைக்குச் சரியான அளவு பிட், பெரும்பாலும் 2 நம்பர். முனை தேய்ந்தால் யோசிக்காமல் எறிந்துவிட வேண்டும். பேனா நிப்பு மாதிரிதான். மிஷினுக்குச் செலவழித்த பிறகு பிட்டில் மிச்சம் பிடிப்பது விநோதமான சிக்கனம்.

பட்டறைப் பையனின் இடது உள்ளங்கையில், கட்டைவிரல் அடியில், நீளமான ஒரு தழும்பு இருக்கிறது. இரும்புத் தகட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் துளையிட்டிருக்கிறான். தகட்டின் மறுபக்கம் பிட் வெளிவரும் கணத்தில் அதன் உதடு தகட்டைக் கவ்விக்கொண்டது. தகடு விசிறியாகச் சுழன்றது. எல்லா விபத்தும் அநேகமாக அந்தக் கணத்தில்தான், ஊடுருவி வெளிவரும் கணத்தில். எதிர்ப்பு தீர்ந்துபோகிற இடத்தில் கை தன் பாரத்தைக் குறைக்க வேண்டும். நாமோ முடிந்தது என்ற உற்சாகத்தில் கூட்டுகிறோம். அவன் இப்போது எவ்வளவு சின்னத் துண்டானாலும் 'சி' கிளாம்ப் போட்டு மேஜையோடு பிடித்துவிடுகிறான். இரும்பானால் சென்டர் பஞ்சால் ஒரு குழி, சில சொட்டு எண்ணெய், மெதுவான வேகம். பக்கவாட்டுக் கைப்பிடி உள்ள மிஷினானால் அதையும் பிடித்துக்கொள்கிறான். "மாட்டிக்கிச்சுன்னா விரலை விசையிலேருந்து எடுத்துடணும் சார். மல்லுக்கு நிக்கக் கூடாது" என்கிறான்.

அலமாரி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் சுவரோடு பிணைக்காவிட்டால் 450 கிலோவும் ஒரு நாள் முன்னால் சாயலாம். சுவருக்கு வேறு பிட், முனையில் கார்பைடு வைத்தது. சுத்தியல் படம் போட்ட நிலை இருந்தால் அதில் வைக்க வேண்டும். துளைக்குள் பிளக். நம் வேலையாட்கள் 'ராவல் பிளக்' என்று சொல்வதில் ஒரு மனிதர் மறைந்திருக்கிறார். லண்டனில் ஜான் ராவ்லிங்ஸ் என்பவர் 1910-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களை அதிகம் காயப்படுத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்துவதற்காகச் சணல் நாரில் செய்த பிளக் அது. இன்றைய நைலான் பிளக் ஜெர்மனியின் ஆர்தர் பிஷர் 1958-ல் செய்தது. சுவரில் துளையிடுமுன் சுவிட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் மின்கம்பிக் குழாய் ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பட்டையை விட்டுவிட வேண்டும். சிமெண்டுத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மூக்குக்கு நல்ல மாஸ்க்.

பேட்டரிக்கு வெயில் ஆகாது. நம் ஊர் மே மாதத்து மொட்டை மாடியிலோ பூட்டிய காருக்குள்ளோ வைத்தால் ஆயுள் குறையும். வேலை முடிந்து சூடாயிருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிட வேண்டும். முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. உப்பிவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது.

இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நம் வட்டத்து நண்பர் ஒருவர், "மிஷின் வந்ததும் கை செத்தது, அதை எழுது" என்றார். இந்தத் துக்கம் நம்மிடையே வெகுநாளாக இருக்கிறது, ஒரு மோஸ்தராகவும் இருக்கிறது. பெரியவரிடம் கேட்டேன். பரணிலிருந்து ஒரு துறப்பணத்தை இறக்கினார். மரத்தண்டு, நடுவில் கயிறு சுற்ற இடம், முனையில் தட்டையான இரும்பு. இந்த யுக்தியின் வயது யாரையும் மலைக்க வைக்கும். பலுச்சிஸ்தானத்தின் மெஹர்கரில் 7,500 முதல் 9,000 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் கல்முனை கொண்டு போட்ட துளைகள் இருப்பதை 2006-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வில்லும் கயிறும் கொண்டு சுழற்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இவ்வளவு நீண்ட வரலாறு அந்தத் தண்டில் இருந்தது. பெரியவர் அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பா இதை மேலேருந்து அழுத்திப் பிடிச்சுக்குவார். கயித்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்கிறது நான். ஆறு வயசுலேருந்து. கை வேலைன்னு நீங்க சொல்றது சார், அது அவரோட கை. இழுத்தது என்னோட கை. பள்ளிக்கூடம் போகாதது அதனாலதான்."

கைவினையின் மகத்துவத்தைப் பற்றி நம்மில் எழுதியவர்கள் அழுத்திப் பிடித்த கையை மட்டுமே பார்த்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கயிறு இழுத்த குழந்தை நம் அழகியலில் இடம்பெறவில்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள மிஷின் அந்தக் குழந்தையை விடுவித்தது என்றால் அதற்கு நான் துக்கப்பட மாட்டேன். இழப்பு இல்லை என்றும் சொல்லவில்லை. துறப்பணம், தமரூசி என்ற சொற்கள் பையனுக்குத் தெரியாது. அவனுக்கு சக்கு, பிட்டு, கிளட்ச். சொற்கள் போய்விட்டன. ஆனால் பலகையைக் கையில் வாங்கியதும் நகத்தால் ஒருமுறை கீறி, விரல் முட்டியால் தட்டிக் கேட்கிறான், அவன் மாமா செய்வதுபோலவே. கை எங்கே பிழைத்திருக்கிறது என்று கேட்டால் அங்கே என்பேன். சுற்றுகிற வேலையை மிஷின் எடுத்துக்கொண்டது. எப்போது நிறுத்துவது என்பது இன்னும் மனிதனிடம் இருக்கிறது. கிளட்சுக்கு எண் வைப்பவன் அவன்தான்.

நான்கு அலமாரிகளும் நிற்கின்றன. தட்டுகள் தொய்யவில்லை. புத்தகங்களை அடுக்கிய பிறகு ஒரு ஸ்க்ரூகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. நண்பரின் மனைவி வந்து பார்த்தார், ஒவ்வொரு தட்டாக, எதையும் தொடாமல். அவர் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களால் ஓரளவு ஆகலாம். அறை சாயங்காலங்களில் திறந்திருக்கும். மூன்றாவது அலமாரியில், இடமிருந்து இரண்டாவது தட்டில், 'கசடதபற' வரிசையில் இரண்டு இதழ்கள் இல்லை. யாரோ இரவல் வாங்கிப்போயிருக்க வேண்டும். யாரென்று கேட்கப்போவதில்லை. அவற்றுக்கான இடம் விட்டுத்தான் அடுக்கியிருக்கிறேன்.